எல்லைக்கல்லுக்கு அங்காலையும் இஞ்சாலையும் – வன்னிக் கரையோரம் ஒரு சுத்து

வெள்ளி – முல்லைத்தீவு

முதலே சொல்லிப்போடுறன், கடற்கரையிலை நிண்டு செல்பி எடுத்துப் போடுற பயணம் இல்லை இது. 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது ஞாபகம் இருக்கும். வடக்கிலை 5,940 ஏக்கர் காணி, மூண்டு மாதத்துக்குள்ள உரிமையை நிரூபிக்காட்டி அரச காணி எண்டு. அதிலை முல்லைத்தீவுக்கு மட்டும் 1,703 ஏக்கர், கரையோரத்து ஊருகளும் அதுக்குள்ள. பெரிய எதிர்ப்பு வந்து வழக்கும் போய் பிறகு அதை நிப்பாட்டினவை. நிப்பாட்டினவை தான், ஆனா சனத்தின்ரை மனசிலை அது நிக்கேல்லை. அதுதான் மச்சானின்ரை மோட்டார் சைக்கிளிலை ரெண்டு பேருமா வெளிக்கிட்டம், கொக்கிளாயிலையிருந்து மன்னார் வரைக்கும் கரையிலை இருக்கிறாக்கள் என்ன சொல்லீனம் எண்டு கேப்பம் எண்டு.

புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான். வெய்யிலைப் பற்றி எழுதத் தேவையில்லை, வன்னி ஆக்களுக்குத் தெரியும். முல்லைத்தீவு டவுனுக்கு வரேக்கை பின்னேரம். பஸ் ஸ்ராண்ட் பக்கத்துக் கடையிலை பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருக்க, கடைக்காரத் தம்பி (இருவத்தைஞ்சு வயசு இருக்கும்) எங்கை போறியள் எண்டு கேட்டான். சொன்னன். உடனை அவன், "அண்ணை, எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம் எண்டா நாங்கள் என்ன செய்யிறது? இவ்வளவு வடிவான கடற்கரை இருக்கு, ஒரு நல்ல ஹோட்டல் இல்லை, என்னோடை படிச்சவன் முழுப்பேரும் கொழும்பிலையும் டுபாயிலையும்" எண்டான். பாசிக்குடா மாதிரி வந்தா என்ன எண்டு கேக்கிறான். எனக்கு உடனை பதில் சொல்லத் தெரியேல்லை. வேலையில்லாத ஊரிலை நிண்டு கொண்டு கடற்கரையைக் காப்பாத்துங்கோ எண்டு வெளி ஆள் ஒருத்தன் வந்து சொன்னா ஆருக்கும் எரியும் தானே.

ஆனா பக்கத்து மேசையிலை இருந்த ஐயா விடேல்லை. அவற்றை மருமகன் மட்டக்களப்புப் பக்கமாம். "பாசிக்குடாவிலை ஹோட்டல் வந்தாப் பிறகு வள்ளம் கட்டுறதுக்கு இடம் தேடி அலைஞ்சவை, கரை இருந்தது, ஆனா தொழிலுக்கு இல்லை. நீ ஹோட்டலிலை கோப்பை கழுவுவாய், முதலாளி கொழும்பிலை இருப்பான்." தம்பி சிரிச்சுக்கொண்டு போட்டான், ஒத்துக்கொள்ளேல்லை. ஐயாவும் விட்டுக் குடுக்கேல்லை. தேத்தண்ணிக் காசு மட்டும் ஐயா தான் குடுத்தார்.

சனி – அளம்பில், நாயாறு, கொக்கிளாய்

விடிய நாலரைக்கு எழும்பி சிலாவத்தை தாண்டி அளம்பில் பக்கம் போனம், கரைவலை இழுக்கிறதைப் பாக்க. இந்தக் கரையிலை வாடைக்காத்துக் காலம் கடல் கொந்தளிப்பு, சோளகக் காலம் தான் அமைதி, அப்ப தான் கரைவலை. தோணியிலை வலையைக் கொண்டு போய் அரைவட்டமா வளைச்சுப் போட்டிட்டு ரெண்டு பக்கக் கயிறையும் கரையிலை நிண்டு இழுக்கிறது. இழுத்துக்கொண்டு வரேக்கை ரெண்டு பக்கமும் கிட்டக் கிட்ட வரும், கடைசியிலை மீன் நிக்கிற மடி கரைக்கு ஏறும். அண்டைக்கு சூடையும் காரலும் கொஞ்சம் நெத்தலியும் தான். மீன்பாடு சரியில்லை எண்டு சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டார், ஆனா எங்களுக்குக் கறிக்கு எண்டு ஒரு கை அள்ளித் தந்துதான் விட்டார்.

நான் இதை ஏன் இவ்வளவு விரிச்சு எழுதுறன் எண்டா, கரைவலைக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு நேரை பாத்தாத்தான் விளங்கும். நூற்றுக்கணக்கான மீற்றர் நீளத்துக்கு ஒரு கட்டிடம், ஒரு வேலி, ஒரு கல்லு இருக்கக் கூடாது. ரெண்டு கயிறும் நடந்து வர இடம் வேணும், வலை காய விட இடம், கருவாடு போட இடம், வாடி (தொழிலாளியள் தங்கிற கொட்டில்) போட இடம். ஒவ்வொரு பாட்டுக்கும் (ஒருத்தர் வலை வளைக்கிற கரைத்துண்டுக்கும்) எல்லை இருக்கு, அடுத்தவன்ரை பாட்டிலை வலை வளைக்கேலாது, முறை வைச்சுத்தான். இதெல்லாம் எந்த மேப்பிலையும் இல்லை. சேர்வேக்கு வாறவன் பாக்கேக்கை வெறும் மணல், ஒருத்தரும் இல்லை, உடனை "பயன்படுத்தாத காணி". வயல்காரன்ரை களத்துமேட்டை சும்மா கிடக்குது எண்டு சொல்லி வீடு கட்டினா எப்பிடி, அதே கதைதான் இது.

இதுக்குள்ளையும் பிரச்சினை இல்லாமல் இல்லை. சில பேர் உழவு மெசினிலை வின்ச் பூட்டி வலை இழுக்கினம். இருவது முப்பது பேர் இழுத்த இடத்திலை ரெண்டு மெசின். கூலிக்கு இழுத்த சனத்துக்கு வேலை இல்லை, மெசின் ஓடி ஓடி, மணலைப் பிடிச்சு வைச்சிருந்த அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் செத்துப்போய் மணல் காத்தோடை பறக்குது. ஒரு அம்மா சொன்னா, அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டுவினம் மோனை, இப்ப கொடியே இல்லை, பிறகெங்கை மிடுக்கு எண்டு. கரையைக் கெடுக்கிறது எப்பவும் வெளியிலையிருந்து வாறவன் தான் எண்டு எழுதினா அது பொய்.

நாயாற்றுப் பாலத்தடியிலை நிண்டம். இஞ்சை வேறை சிக்கல். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆக்கள் சீசனுக்கு வந்து வாடி போடினம், உள்ளூர்ச் சங்கத்துக்கும் அவைக்கும் கனகாலமா இழுபறி. இதைப் பற்றி எழுதினா கொமென்ற்றிலை சண்டை வரும், அதாலை இவ்வளவும் போதும்.

கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, பிறகு கொக்கிளாய். இந்த ஊர்ச்சனம் 1984இலை இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து குடியேறினது சண்டை முடிஞ்சாப் பிறகு. இடைப்பட்ட கால் நூற்றாண்டிலை வயலும் வளவும் காடாப் போச்சு. காடாப் போனதை வன இலாகா காடு எண்டு குறிச்சு எல்லைக்கல்லுப் போட்டிட்டுது. காணி உறுதி எங்கை எண்டு கேட்டா ஓடேக்கை பிள்ளையைத் தூக்கினதா, பெட்டியைத் தூக்கினதா? 85ஆம் ஆண்டு மேப்பை வைச்சுக் காணியை விடுறம் எண்டு முந்தின அரசாங்கம் சொன்னது, அதைக் கேட்டு ஒரு பெரியவர் சிரிக்கிறார். "நாங்கள் 84 கடைசியிலை போட்டம், 85இலை படம் எடுத்தா ஊரிலை நாய் கூட நிண்டிராது தம்பி."

கொக்கிளாய் முகத்துவாரத்திலை நிண்டு பாத்தா அங்காலை புல்மோட்டை. கூப்பிடு தூரம், ரோட்டாலை போறதெண்டா ஊரைச் சுத்தோணும். அங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இலை தொடங்கினது, இல்மனைட் எண்ட கறுப்புக் கனியம் எடுக்க. அந்தக் கறுப்பு மணல் புல்மோட்டையோடை நிக்கேல்லை, கொக்கிளாய், நாயாறு எண்டு இந்தப் பக்கமும் ஓடுது. காலை வைச்சு மேல் மணலைத் தட்டினா கறுப்பாத் தெரியும், காந்தம் வைச்சா ஒட்டும். பெயின்ற்றுக்கு வெள்ளை நிறம் குடுக்கிற டைட்டானியம் இதுக்குள்ளையிருந்துதான் வருது. இந்தப் பக்கமும் அள்ளோணும் எண்டு அளக்க வரேக்கையெல்லாம் சனம் மறிச்சிருக்கு.

ஏன் மறிக்கிறியள், வேலை கிடைக்குமே எண்டு வேணுமெண்டே கேட்டன். ஒரு அக்கா (சங்கத்திலை பொருளாளரா இருக்கிறா) நல்லா ஏசினா. மணல்மேடு தான் எங்கடை மதில், 2004 சுனாமிக்கு மேடு உயரமா இருந்த இடத்திலை தண்ணி குறைவா ஏறினது, இவங்கள் மேட்டை வழிச்சுக்கொண்டு போய் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் வித்துப்போட்டு திரும்ப மணல் நிரப்பித் தாறம் எண்டுவாங்கள், ஆர் வந்து பாக்கிறது, கிணறு உப்பாப் போனா ஆரிட்டைப் போறது எண்டு மூச்சு விடாமல் சொன்னா. பிறகு தானே இறங்கி வந்து, "ஆனா தம்பி, நாளைக்கு என்ரை மகனுக்கு அங்கை நிரந்தர வேலை தந்தா நான் என்ன சொல்லுவன் எண்டு எனக்கே தெரியாது" எண்டா. இந்தப் பயணத்திலை நான் கேட்டதிலை உண்மையான கதை இதுதான் எண்டு எனக்குப் படுது.

ஞாயிறு – வற்றாப்பளை, வட்டுவாகல், சாலை

காலமை வற்றாப்பளை அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்கு இலட்சக்கணக்கிலை சனம் வாறது தெரியும் தானே, அதுக்கு முதல் சிலாவத்தைக் கடற்கரையிலை போய் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வந்து அந்த உப்புத்தண்ணியிலை விளக்கெரிக்கிறது. மச்சான் ஒரு கேள்வி கேட்டான், அந்தத் தீர்த்தக்கரையை நாளைக்கு ஆரும் வேலி போட்டு மறிச்சா? பூசைச் சாமான் விக்கிற அண்ணை சிரிச்சுப்போட்டு "மறிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ" எண்டார். சட்டம், எல்லை, திணைக்களம் எண்டு ஒண்டும் கதைக்காமல் ஒரு துண்டுக் கரை பத்திரமா இருக்கு, அம்மன்ரை புண்ணியத்திலை.

நந்திக்கடல் ஏரி அண்டைக்கு வத்தி, கரையோரம் உப்புப் பூத்துக் கிடந்தது. இது தான் எனக்குக் கனக்க யோசிக்க வைச்ச இடம். 2017இலை நந்திக்கடலை இயற்கை ஒதுக்கிடமா அறிவிச்சவை, பத்தாயிரம் ஏக்கர் அளவு. பறவையள், இறால் குஞ்சு, கண்டல், எல்லாம் உண்மை, காப்பாத்தத்தான் வேணும். நானும் பறவை பாக்கிறவன், பைனாகுலரோடைதான் போனனான். ஆனா கரையிலை இருக்கிற சனத்திட்டை கேட்டா, ஒரு பக்கம் ஆமி காம்ப், ஒரு பக்கம் நேவி காம்ப், மிச்சம் இருந்ததிலை வனஜீவராசித் திணைக்களத்தின்ரை கல்லு. கேப்பாப்புலவுச் சனம் ஆமி பிடிச்ச சொந்தக் காணிக்காக வருசக்கணக்கா ரோட்டிலை இருந்தது. வட்டுவாகலிலை நேவி காம்புக்குக் காணி அளக்க வந்தா ஒவ்வொரு முறையும் சனம் போய் மறிக்குது, அது 617 ஏக்கர். காம்புக்குள்ள இருக்கிற காணியிலை கட்டிடம் எழும்பலாம், வெளியிலை இருக்கிற மனுசன் விறகு பொறுக்கினா வழக்கு. பறவையைக் காப்பாத்த வாற ஆளையும் மண் அள்ள வாற ஆளையும் இஞ்சத்தைச் சனம் ஒரே வாங்கிலைதான் இருத்துது எண்டா அதிலை பிழை பிடிக்க எனக்கு வாய் வரேல்லை. ரெண்டு பேரும் வரேக்கை கையிலை மேப்போடை தான் வாறாங்கள், கேட்டுப்போட்டு வரேல்லை.

வட்டுவாகல் பாலத்திலை மச்சான் சைக்கிளை நிப்பாட்டினான். பழைய பாலம், ஒரு பஸ் வந்தா மற்றது நிண்டு தான் வரோணும், மாரிக்குத் தண்ணி மேவும். புதுப்பாலத்துக்கு 2025 செப்டெம்பரிலை வேலை தொடங்கி வைச்சவை. இந்த அபிவிருத்திக்கு ஒருத்தரும் எதிர்ப்பில்லை, பாலம் வரோணும் எண்டு கனகாலமா கேட்ட சனம். ஐஸ் பக்டரி கேக்கினம், இறங்குதுறை கேக்கினம், ஏரியை ஆழமாக்கித் தரச்சொல்லிக் கேக்கினம். கேக்கிறது வாறேல்லை, கேக்காதது தான் வருது எண்டு இறால் வலை தைச்சுக்கொண்டிருந்தவர் சொன்னார். மாரியிலை ஏரி நிரம்பினா முகத்துவாரத்தை எப்ப வெட்டி விடுறது எண்டு இவைக்குத் தெரியும், முந்தி வெட்டினா இறால் போயிடும், பிந்தி வெட்டினா வயல் அழிஞ்சிடும். அதைக் கேக்க ஒருத்தரும் வாறேல்லையாம்.

இன்னொரு கதையும் அவர் தான் சொன்னவர். சுனாமிக்குப் பிறகு கரையிலை வீடு கட்டக்கூடாது எண்டு தெற்கிலை 100 மீற்றர், வடக்கு கிழக்கிலை 200 மீற்றர் எண்டு வைச்சவை. "கடல் ஒண்டு, அலை ஒண்டு, எங்களுக்கு மட்டும் ரெண்டு மடங்கு பயம் காட்டினவங்கள்." பிறகு அதைத் தளர்த்தினது வேறை கதை. 1981ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி கரையிலையிருந்து 300 மீற்றர் உள்ளுக்குக் கட்டிடம், மணல் அள்ளுறது எல்லாத்துக்கும் பெர்மிட் வேணும். ஏழைக்கு மலசலகூடம் கட்டவும் அதே சட்டம், பெரிய கம்பனிக்கும் அதே சட்டம், ஆனா பெர்மிட்டுக்கு ஓடித் திரியக் காசு உள்ளவன் ஆர்?

பின்னேரம் மாத்தளன் தாண்டிச் சாலை எண்ட கரையோர ஊர் வரைக்கும் போனம். கடைசிச் சண்டை நடந்த அந்த மணலிலை நடக்கிறதைப் பற்றி நான் எழுதேல்லை. சுண்டிக்குளம் 1938இலை சரணாலயம், 2015இலை தேசிய பூங்கா, இதாலை சாலைப் பக்கத்துத் தொழிலாளியளுக்கும் எல்லைப் பிரச்சினை. நேரம் போட்டுது, திரும்பிட்டம்.

திங்கள் – விடத்தல்தீவு

மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் எண்டு குறுக்கறுத்து மேற்குக் கரை. இலுப்பைக்கடவையிலை இடியப்பமும் சொதியும், சம்பல் நல்ல உறைப்பு. இந்தக் கரை வேறை மாதிரி, அலை இல்லை, சேறு, கண்டல் காடு, தண்ணி முழங்காலுக்கு மேலை ஏறாமல் கன தூரம்.

விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 2016இலை வர்த்தமானியிலை வந்தது, 29,180 ஹெக்டயர், நாட்டிலையே பெரிசுகளிலை ஒண்டு. 2024 மே மாதம் அதுக்குள்ளையிருந்து 168 ஹெக்டயரை இறால் பண்ணை மாதிரி நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு எண்டு விடுவிச்சவை. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போனவை. இதிலை பகிடி என்னெண்டா, ஒதுக்கிடம் வரேக்கை முணுமுணுத்த ஊர்ச்சனத்திலை கொஞ்சப்பேர், 168 ஹெக்டயரை விடேக்கை ஒதுக்கிடத்தின்ரை பக்கம் நிண்டவை. கேட்டா, "கல்லு போட்டவன் எங்களை இறங்கி நண்டுக்கூடு வைக்க விட்டான், பண்ணைக்காரன் கம்பி அடிச்சா உள்ளுக்குப் போகேலாது" எண்டு நேரை சொல்லீனம்.

புத்தளம் சிலாபம் பக்கம் 90களிலை இறால் பண்ணை வந்த கதை இவைக்கு நல்லாத் தெரியும், தொழிலுக்குப் போய் வந்த ஆக்கள் கண்ணாலை கண்டவை. கண்டலை வெட்டிக் குளம் வெட்டினவங்கள், வெள்ளைப்புள்ளி நோய் வந்தது, விட்டிட்டுப் போட்டாங்கள், குளங்கள் வெறுமையாக் கிடந்தது. கண்டல் வேருக்குள்ள தான் இறாலும் நண்டும் மீனும் குஞ்சு வளக்கிறது, அதை வெட்டிப்போட்டு இறால் வளக்கப்போறாங்களாம் எண்டு ஒரு பெடியன் தலையிலை அடிச்சுக் காட்டினான்.

கடலட்டைப் பண்ணையிலை மட்டும் ஊர் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. வடக்கை கிராஞ்சியிலை 2022இலை பண்ணைக்கு எதிரா சனம் நாள்கணக்கா இருந்தது, கரையோரக் கடலை அடைச்சா நடந்து போய் மட்டி பொறுக்கிற பொம்பிளையளுக்கு வழி இல்லை எண்டு. ஆனா இஞ்சை ஒரு குடும்பம் பண்ணை வைச்சு ரெண்டு பிள்ளையளைக் கம்பஸுக்கு அனுப்பியிருக்கு. பண்ணைக்கார அண்ணை எனக்கு ஒரு கேள்வி போட்டார்: உள்ளூர் ஆள் ஒரு ஏக்கர் அடைச்சாலும் கம்பனி நூறு ஏக்கர் அடைச்சாலும் உங்களுக்கு ஒண்டோ எண்டு. ஒண்டில்லை எண்டு தான் நானும் நினைக்கிறன். ஆனா ஒரு ஏக்கர்க்காரர் நூறு பேர் வரிசையிலை நிண்டா மட்டி பொறுக்கிற அக்கா எங்காலை போறது எண்டும் கேட்டன். அவர் சங்கத்திலை கதைச்சுத்தான் இடம் குடுக்கிறம் எண்டார். பக்கத்திலை நிண்ட அவற்றை மனுசி மெதுவா, "பொம்பிளையள் சங்கத்திலை எத்தினை பேர்?" எண்டு கேட்டுப்போட்டு உள்ளுக்குப் போட்டா.

செவ்வாய் – மன்னார்

தீவுக்குள்ள போகேக்கையே காத்திலை கறன்ற் எடுக்கிற காத்தாடியள் தெரியும். தம்பபவனி, 30 காத்தாடி, 103.5 மெகாவாட், 2020 டிசம்பரிலை திறந்தது. பிறகு அதானி கம்பனி 250 மெகாவாட்டுக்கு வந்து, வழக்கு, விலைத் தகராறு எல்லாம் நடந்து 2025 பெப்ரவரியிலை தானே விலகினது. அதோடை முடிஞ்சுது எண்டு நினைச்சா, வேறை கம்பனியளின்ரை காத்தாடி வர, 2025 ஆகஸ்ட்டிலை டவுனுக்குள்ள கொட்டில் போட்டு சனம் இருந்தது. சுவாமிமார் (கத்தோலிக்கக் குருமார்), மௌலவிமார், ஐயர்மார் எல்லாரும் ஒரே இடத்திலை. மன்னாரிலை இது லேசான விசயம் இல்லை.

பேசாலைப் பக்கம் கதைச்ச அண்ணை, கறன்ற் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை எண்டார். கரையோரமா காத்தாடிக்கு ரோட்டுப் போட்டாப் பிறகு மாரித்தண்ணி கடலுக்கு வடியாமல் ஊருக்குள்ள நிக்குதாம், மீன் கரைக்கு வாறது குறைஞ்சு போச்சாம். இதை ஆராவது ஒழுங்கா அளந்து சொல்லோணும், சனம் சொல்லுறதை நான் எழுதுறன். ஆனா இல்மனைட் எண்ட பேச்சு வந்தா ஒருத்தருக்கும் ரெண்டாம் கருத்து இல்லை. அவுஸ்திரேலியக் கம்பனி ஒண்டு வந்து தீவு முழுக்க ஓட்டை போட்டுப் பாத்திட்டுப் போட்டுது. தீவு தட்டையா கடல் மட்டத்தோடை கிடக்கு, மணலுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணி தான் கிணத்துக்கு வாறது, மணலைத் தோண்டினா உப்புத்தண்ணி மேலை வந்திடும், பிறகு பனையும் நிக்காது மனுசனும் நிக்கேலாது.

பின்னேரம் வங்காலை. 2010இலை ராம்சார் பட்டியலிலை (முக்கியமான ஈரநிலங்களின்ரை சர்வதேசப் பட்டியல்) சேர்ந்த இடம். பூநாரை பாக்கிற சீசன் முடிஞ்சுது, கொஞ்சம் கடற்காகமும் நாரையும் கழுதையும் தான். கரையிலை வலை தட்டிக்கொண்டிருந்த ஒருத்தர், பறவை பாக்க வாற ஆக்கள் எங்களோடை கதைக்கிறேல்லை, நீங்கள் கதைக்கிறியள் எண்டார். பறவை எங்கை இறங்குது, எப்ப வருது எண்டு அவர் சொன்னதிலை பாதி என்ரை புத்தகத்திலை இல்லை. அப்ப இந்தச் சரணாலயத்துக்கு எல்லை போடேக்கை உங்களைக் கேட்டவையோ எண்டு கேட்டன். கல்லைக் காட்டினார். அவற்றை வாடிக்கும் கிணத்துக்கும் நடுவிலை நட்டிருக்கு.

போக நினைக்கிறாக்களுக்கு: முல்லைத்தீவுப் பக்கம் சித்திரை வைகாசியிலை போங்கோ, மன்னாருக்குக் கார்த்திகைக்குப் பிறகு, அப்ப தான் பறவை. கரைவலை இழுக்கிற இடத்திலை கயிறைத் தாண்டாதேங்கோ, ஏசுவினம். படம் எடுக்க முதல் கேளுங்கோ. மீன் தந்தா வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. முல்லைத்தீவுக் கடைக்காரத் தம்பி நேற்றிரவு மெசேஜ் போட்டவன், ரெண்டு அறையோடை ஒரு ஹோம்ஸ்டே தொடங்கப் போறானாம், தகப்பன்ரை வளவிலை, கரையிலையிருந்து 400 மீற்றர் தள்ளி. பெர்மிட் தேவையோ எண்டு கேக்கிறான். பிரதேச செயலகத்திலை கேள் எண்டு எழுதினன், நாளைக்குப் போறானாம்.